தெள்ளுப்பூச்சி ஒழிப்பு: பிளேக் காலம் முதல் வீட்டுப் பூனை வரை

கடலூர், சிதம்பரம் பக்கங்களில் நாய், பூனையின் உடம்பில் எது ஊர்ந்தாலும் அதை உண்ணி என்று சொல்லிவிடுவது வழக்கம். உண்ணிக்கு எட்டுக் கால். தோலைக் கவ்விக்கொண்டு ஓரிடத்திலேயே கிடக்கும். தெள்ளுப்பூச்சிக்கு ஆறு கால்; இறக்கை கிடையாது; பிடிக்கப் போனால் துள்ளி மறையும். இந்தச் சிறிய பூச்சிக்கு நம் நாட்டில் பெரிய வரலாறு உண்டு.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. 1897இல் அரசு தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. வீடுகளுக்குள் புகுந்து சோதனையிட்டார்கள், ரயில் பயணிகளைத் தடுத்து நிறுத்தினார்கள். நோய் எப்படிப் பரவுகிறது என்பது மட்டும் விளங்கவில்லை.

1898இல் கராச்சியில் பால் லூயி சிமோந்த் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயுற்ற எலி ஒன்றைக் கண்ணாடிச் சாடியில் விட்டார். அதன் மேலிருந்த தெள்ளு போதாதென்று, விடுதியருகே திரிந்த பூனையிடமிருந்தும் சில தெள்ளுகளை எடுத்துச் சேர்த்தார். பிறகு நலமான எலியைக் கம்பிக்கூண்டில் வைத்து உள்ளே இறக்கினார். இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. ஆனாலும் சில நாளில் அதுவும் பிளேக்கால் செத்தது. அன்று பலர் இதை நம்பவில்லை. 1905இல் பணி தொடங்கிய பிளேக் ஆய்வுக்குழுதான் பம்பாயில் செய்த சோதனைகளால் இதை உறுதிப்படுத்தியது.

தமிழகத்தில் கோயம்புத்தூர்ப் பகுதி கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அங்கே பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் உள்ளன. துறைமுகமும் ரயிலும் இருந்த சென்னை நகரத்தில் அந்த அளவுக்குப் பரவவில்லை. ஏன்? கொழும்பில் பணியாற்றிய ஃபேபியன் ஹர்ஸ்ட் எலித்தெள்ளிலேயே இனங்கள் வேறு என்று கவனித்தார். பிளேக்கை நன்றாகப் பரப்புவது கியோப்பிஸ் என்ற இனம். சென்னையிலும் கொழும்பிலும் மிகுந்திருந்தது ஆஸ்டியா என்ற இனம். அது பிளேக்கைக் கடத்துவதில் மட்டம். பள்ளிப் பாடங்களில் இடம்பெற வேண்டிய செய்தி என்பது என் எண்ணம்.

1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. மருந்தடிக்க வந்தவர்கள் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவது என் சிறுவயது நினைவு. கொசுவுக்கு அடித்த டி.டி.டி.யில் வீட்டுத் தெள்ளும் செத்தது. நாளடைவில் தெள்ளு அந்த மருந்தைத் தாங்கப் பழகிக்கொண்டது.

இன்று வீடுகளில் நாம் காண்பது பெரும்பாலும் பூனைத்தெள்ளு. நாயின் மேலும் அதுதான் அதிகம். அது இடும் முட்டை ரோமத்தில் தங்காது, பாயிலும் தரை இடுக்கிலும் உதிர்ந்துவிடும். புழுக்கள் தூசியில் வளர்ந்து கூட்டுப்புழு ஆகின்றன. கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கவும் அவற்றால் முடியும். காலடி அதிர்வு பட்டால் வெளியே வரும். விடுமுறைக்குப் பூட்டிய வீட்டைத் திறந்தவுடன் கணுக்காலில் கடி விழுவது இதனால்தான். ஈரப்பதம் இருந்தால் புழு செழிக்கும் என்பதால் நம் கடற்கரைப் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கூடுதல் கவனம் தேவை.

ஆகவே பிராணிக்கு மட்டும் மருந்து போட்டால் பாதி வேலைதான். அது படுக்கும் சாக்கையும் துணியையும் வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். கட்டிலடி, மூலை, இடுக்கு எல்லாவற்றையும் பெருக்கி அந்தக் குப்பையை உடனே வெளியேற்ற வேண்டும். இதைச் சில வாரங்களாவது விடாமல் செய்ய வேண்டும். கூட்டுப்புழுவை மருந்து எளிதில் எட்டாது. மண்ணெண்ணெய் தடவுவதை அடியோடு விட வேண்டும். தோல் வெந்துபோகும், நக்கினால் உள்ளேயும் கெடுக்கும். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. பூனையின் உடல் அதை முறிக்க இயலாமல் வலிப்பு கண்டு இறக்கவும் கூடும். எந்த மருந்து, எத்தனை சொட்டு என்பதைப் பிராணியின் எடையைச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.