ஈட்டிய இருப்பும் கடன் வாங்கிய இருப்பும்: இலங்கையின் அந்நியச் செலாவணி ஒதுக்கு, 1884–2024

2018 ஏப்ரல் இறுதியில் இலங்கை மத்திய வங்கியின் வெளிநாட்டு நாணய ஒதுக்கு 990 கோடி டொலரை எட்டியது. அதற்கு முன் நாடு அவ்வளவு இருப்பைக் கண்டதில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அதே நாடு அறிவித்தது. ஈஸ்டர் குண்டுவெடிப்பு, கொரோனா, 2019 வரிக்குறைப்பு, 2021 உரத்தடை என இந்த வீழ்ச்சிக்குக் காட்டப்படும் காரணங்கள் எல்லாமே மெய். ஆனால் அவை கடைசி மூன்று ஆண்டுகளின் கதை. ஒதுக்கின் அளவைவிட அதன் பிறப்பிடத்தைத் தேடினால் கதை இன்னும் பின்னால் தொடங்குகிறது.

1869இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டது. பதினைந்து ஆண்டுகளில் கோப்பி அழிந்தது; தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் மூடப்பட்டது. மக்கள் கையில் புழங்கிய தாள்களில் பெரும்பகுதி அந்த வங்கி வெளியிட்டவை. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்தத் தாள்களுக்கு அரசே பொறுப்பு என்று அறிவித்தார். அதே ஆண்டு வந்த நாணயத்தாள் சட்டம் தாள் வெளியிடும் உரிமையை அரசின் ஆணையாளர் சபையிடம் ஒப்படைத்தது. புழக்கத்தில் விடும் தாளுக்கு ஈடாக ஒரு பகுதி வெள்ளி நாணயமாகவும் மறுபகுதி இந்திய, பிரித்தானியக் கடன்பத்திரங்களாகவும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இலங்கை ரூபாய் இந்திய ரூபாயுடன் பிணைந்திருந்தது.

இந்த முறையில் ஒதுக்கைக் கடன் வாங்கி நிரப்ப அவசியமே எழவில்லை. தேயிலை, இறப்பர், தேங்காய் விற்று வந்த பணமே இருப்பாகச் சேர்ந்தது. இருப்புக்கு ஏற்பவே உள்நாட்டில் பணம் புழங்கியது. அதன் கடுமையை 1930களின் உலக மந்தம் காட்டியது. ஏற்றுமதி விலை சரிந்ததும் புழக்கப் பணமும் சுருங்கியது. தோட்டங்கள் ஆட்குறைத்தன. தமிழகத்திலிருந்து வந்து கொழுந்து பறித்தவர்களும் பால் வெட்டியவர்களும் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இரண்டாம் உலகப் போர் நிலைமையைப் புரட்டியது. மலாயா ஜப்பானியர் வசமானபின் நேச நாடுகளுக்கு இலங்கை இறப்பர் இன்றியமையாததாயிற்று. தென்கிழக்காசியப் படைத் தலைமையகமும் கண்டிக்கு வந்தது. அந்தச் செலவெல்லாம் லண்டனில் இலங்கையின் பெயரில் ஸ்டெர்லிங் இருப்பாகச் சேர்ந்தது. 1948இல் சுதந்திர இலங்கை பெற்றுக்கொண்ட சொத்து அதுதான். அதை ஈட்டித் தந்த மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. ஒதுக்கின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்த இரண்டையும் தனித்தனி அத்தியாயங்களில் வைப்பது வழக்கம். அது சரியல்ல என்பது என் கருத்து.

அமெரிக்கரான ஜோன் எக்ஸ்டரின் அறிக்கைப்படி 1950 ஆகஸ்ட் 28 அன்று மத்திய வங்கி திறக்கப்பட்டது; அவரே முதல் ஆளுநர். கொரியப் போரால் இறப்பர் விலை ஏறியிருந்த நல்ல காலம் அது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் இறப்பர் விழுந்தது, அரிசி விலை ஏறியது, இருப்பு கரைந்தது. 1952 டிசம்பரில் சீனாவுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம்: ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரைக் கொடுத்து 2,70,000 தொன் அரிசி பெறுவது. டொலரைத் தொடாமலே சோற்றுக்கு வழிசெய்த புத்திசாலித்தனமான ஏற்பாடு. அப்படியும் அரிசி மானியம் தாங்கவில்லை. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஆகஸ்ட் 12 ஹர்த்தாலுக்குப் பின் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். ஒதுக்கைக் காக்க மானியத்தை வெட்டினால் ஆட்சி போகும் என்ற பாடத்தை அரசியல்வாதிகள் அன்று கற்றார்கள்.

பின்வந்த கால் நூற்றாண்டு, கட்டுப்பாடுகளின் காலம். இறக்குமதி உரிமம், 1965இல் சர்வதேச நாணய நிதியத்திடம் முதற்கடன், 1967இல் 20 சதவீத நாணய மதிப்பிறக்கம், இரட்டை மாற்று விகிதம் என்று அது நீண்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அதன்பின் டொலர் ஈட்டியவர்கள் வேறு: ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும் வளைகுடா நாடுகளில் வீட்டுவேலைக்குப் போன பெண்களும்.

திருப்புமுனை 2007 அக்டோபர். அரசு முதன்முறையாகச் சர்வதேசச் சந்தையில் 50 கோடி டொலருக்கு முறிகளை (கடன்பத்திரங்களை) விற்றது. உலக நிதி நெருக்கடியில் இருப்பு ஏறத்தாழ ஒரு மாத இறக்குமதிக்கே போதும் என்ற அளவுக்கு இறங்கியது; 2009இல் நாணய நிதியம் 260 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. உள்நாட்டுப் போர் முடிந்தபின் முறி விற்பனை வழக்கமாயிற்று. தொடக்கத்தில் சொன்ன 2018 உச்சத்தை இந்த ஒளியில் பாருங்கள்: அதே ஏப்ரலில் அரசு 250 கோடி டொலர் முறிகளை விற்றிருந்தது. உச்சத்தின் கால்பங்கு அந்த மாதக் கடன்.

வீழ்ச்சிக் கணக்கு வேகமானது. 2019 இறுதியில் 760 கோடி, 2020 இறுதியில் 570 கோடி, 2021 நவம்பரில் 158 கோடி டொலர். தங்கத்தில் பாதிக்குமேல் விற்கப்பட்டது. டொலரை 200 ரூபாய் அளவில் பிடித்துவைத்ததால் வெளிநாட்டிலிருப்போர் வங்கியைத் தவிர்த்து உண்டியல் எனும் முறைசாராப் பணமாற்று வழியை நாடினர். 2020இல் 710 கோடியாக இருந்த அவர்களது பணவரவு 2022இல் 380 கோடியாயிற்று. இவ்வளவுக்கும் நடுவே 2022 ஜனவரியில் 50 கோடி டொலர் முறி முழுதாகத் திருப்பிச் செலுத்தப்பட்டது. எரிவாயுவுக்கும் மருந்துக்கும் பணமில்லாத வேளையில் அது பெரும் பிழை.

2022 மார்ச் இறுதிக் கணக்கைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். மொத்த ஒதுக்கு சுமார் 190 கோடி டொலர் என்றது புள்ளிவிவரம். அதில் ஏறத்தாழ 150 கோடி, சீன மக்கள் வங்கியின் நாணயப் பரிமாற்று வசதி. மூன்று மாத இறக்குமதிக்கு ஈடான ஒதுக்கு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்பது நிபந்தனை. அதாவது தேவைப்படும்போது எடுக்க முடியாத பணம். மே மாதத் தொடக்கத்தில் நிதியமைச்சர் அலி சப்ரி, உடனே பயன்படுத்தத்தக்க இருப்பு 5 கோடி டொலர்கூட இல்லை என்றார். அதற்கு முன்பே மேல் மாகாணப் பள்ளிகளின் தவணைப் பரீட்சை தள்ளிப்போயிருந்தது. வினாத்தாள் அச்சிடக் காகிதமும் மையும் இறக்குமதி செய்ய டொலர் இல்லை.

2023 மார்ச்சில் நாணய நிதியத்தின் 17ஆவது திட்டம், ஏறத்தாழ 300 கோடி டொலர். அதே ஆண்டு வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம் அரசுக்குப் பணம் அச்சிட்டுக் கொடுப்பதைத் தடுத்தது. 2024 இறுதியில் ஒதுக்கு 610 கோடியாக மீண்டது. இந்த முறை மத்திய வங்கி சந்தையில் டொலர் வாங்கிச் சேர்த்தது நல்ல மாற்றம். ஆனால் சீனப் பரிமாற்று வசதி இந்தத் தொகைக்குள்ளும் இருக்கிறது. மொத்த ஒதுக்கை அறிவிக்கும் ஒவ்வொரு மாதமும் அதில் கடன் எவ்வளவு, எடுத்துச் செலவிடத்தக்கது எவ்வளவு என்பதை அதே வரியில், சிங்களத்திலும் தமிழிலும் மத்திய வங்கி அச்சிட வேண்டும்.