பன்னிரண்டு வோல்ட்டுக்குள் ஒரு கச்சேரி

ஒரு சனிக்கிழமை காலை. "டேய், உன் இஞ்சினியரிங் டிகிரிக்கு இன்னிக்குத்தான்டா வேலை வந்திருக்கு"ன்னு ரூம்மேட் எழுப்பினான்.

விஷயம் இதுதான். கலிஃபோர்னியா வந்ததும் அவன் செய்த முதல் செலவு ஒரு சிவப்பு மாஸ்டா மியாட்டா. ரெண்டே சீட், கூரையை மடக்கிப் பின்னால் போட்டுவிடலாம், வயசு எங்க ரெண்டு பேரையும் விட அதிகம். அதில் புதுசாக ஒரு ஆம்ப்ளிஃபையர் மாட்டணுமாம். நான் படித்தது ஈ.சி.ஈ., பிழைப்பது ஜாவாவில். சால்டரிங் அயர்னைக் கடைசியாகத் தொட்டது மூணாம் வருஷ லேபில். இருந்தாலும் "இதென்ன பிரமாதம்"னு சொல்லிட்டேன். அந்த வாய்க்கொழுப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போ கொஞ்சம் வரலாறு. (பயப்படாதீங்க, பரீட்சையெல்லாம் கிடையாது :-))

முதல் கேள்வி: காரில்தான் ஏற்கெனவே ஸ்டீரியோ இருக்கே, தனியா ஆம்ப் எதுக்கு?

கூரையைத் திறந்துவிட்டு ஹைவேயில் அறுபது மைலில் போய்ப் பாருங்கள், புரிந்துவிடும். காற்று இரைச்சலில் பாட்டு காணாமல் போகும். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமாகக் கேட்க சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும். அதற்குப் பவர் ரெண்டு மடங்கு போதாது, பத்து மடங்கு வேண்டும். ஆனால் கார் பேட்டரி தருவது 12 வோல்ட், இஞ்சின் ஓடும்போது 14 சொச்சம். சாதாரண ஆம்ப்ளிஃபையர் சர்க்யூட் இதை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கரில் ஆறு வாட்டுக்குச் சற்று மேல் தரலாம், அவ்வளவுதான். ஸ்பீக்கரின் ரெண்டு முனையையும் எதிரெதிராக ஆட்டும் பிரிட்ஜ் முறையில் கணக்குப்படி 26 வாட் வரை போகலாம். அதற்கு மேல் ஓம் விதி விடாது. ஸ்டீரியோ டப்பாவில் '50×4' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது சும்மா உலகுளாக்கட்டிக்கு. இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டத்தான் 2003-ல் அமெரிக்காவில் சி.இ.ஏ.-2006 என்று ஒரு தரநிலை கொண்டுவந்தார்கள்: 14.4 வோல்ட், 4 ஓம், ஒரு சதவீதத்துக்கு மேல் சிதையாத ஒலி, அந்த நிலையில் எத்தனை வாட்டோ அதைச் சொல்லு, என்று.

ஆக, கார் ஆடியோவின் வரலாறே இந்தக் குட்டி வோல்டேஜோடு போட்ட மல்லுக்கட்டுதான்.

1930-க்குப் போவோம். சிகாகோவில் பால் கால்வின், ஜோசப் கால்வின் என்று அண்ணன் தம்பி ரெண்டு பேர். வீட்டு ரேடியோவை பேட்டரி இல்லாமல் கரண்டில் ஓட்ட உதவும் கருவி செய்துகொண்டிருந்தார்கள். வீட்டு ரேடியோவெல்லாம் நேராகவே கரண்டில் ஓட ஆரம்பித்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. காருக்கு ரேடியோ செய்து பார்ப்போம் என்று இறங்கினார்கள். அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோக் கம்பெனிகளின் மாநாடு. உள்ளே கடை போடக் காசில்லை. பால் கால்வின் தன் ஸ்டூடிபேக்கர் காரை வாசலில் நிறுத்தி, ரேடியோவை அலற விட்டு ஆர்டர் பிடித்தார். அந்த ரேடியோவுக்கு வைத்த பெயர்தான் மோட்டரோலா. 1947-ல் கம்பெனிக்கே அந்தப் பெயரை வைத்தார்கள்.

அன்றைக்கு காரில் ரேடியோ மாட்டுவது இன்றைக்கு ஆம்ப் மாட்டுவதை விடப் பெரிய ரோதனை. வால்வு ரேடியோவுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். காரில் இருந்ததோ வெறும் 6 வோல்ட். அதனால் தனியாக 'பி' பேட்டரிகளைக் காரின் தரைப் பலகைக்கு அடியில் ஒளித்துவைத்தார்கள். ஸ்பார்க் ப்ளக் ஒவ்வொரு தடவை பொறி விடும்போதும் ரேடியோவில் 'பட் பட்'. அதை அடக்கத் தனி வேலை. பால் கால்வின் கடன் கேட்கப் போன இடத்தில் பேங்க்காரரின் பேக்கார்ட் காரில் ரேடியோ மாட்டிக் கொடுத்ததாகவும், கொஞ்ச நேரத்தில் அந்தக் காரே தீப்பிடித்துக்கொண்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். சொல்லிச் சொல்லியே வளர்ந்த கதையாகக்கூட இருக்கலாம். படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன்.

முப்பதுகளில் 'வைப்ரேட்டர்' வந்து 'பி' பேட்டரியை ஒழித்தது. அழகான யோசனை. பேட்டரியின் நேர்மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்றிக் கூட்ட முடியாது, அது மாறிக்கொண்டே இருக்கணும். சரி, மாற்றிவிடுவோம்! காலிங் பெல் மாதிரி ஒரு உலோகத் தகடு நொடிக்கு நூறு தடவைக்கு மேல் துடித்துத் துடித்து மின்சாரத்தை வெட்டும். வெட்டியதை டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்றி, மறுபடி நேர்மின்சாரமாக்கி வால்வுக்குக் கொடுப்பார்கள். ரேடியோவைப் போட்டால் பாட்டு வருவதற்கு முன்னால் 'ர்ர்ர்' என்று இந்தத் தகடு பாடும்.

அப்புறம் டிரான்சிஸ்டர். 1955-ல் ஃபில்கோவும் கிரைஸ்லரும் சேர்ந்து முழுக்க டிரான்சிஸ்டரில் ஓடும் கார் ரேடியோவை அறிவித்தார்கள். விலை 150 டாலர். அன்றைக்கு அது பெரிய காசு. டிரான்சிஸ்டருக்கு பேட்டரியின் வோல்டேஜே போதும். வைப்ரேட்டருக்கு வேலை போச்சு.

கதை அங்கேயே முடிந்திருக்கும், ஆசை விடவில்லை. 1960-களில் 'மேட்மேன்' என்று பட்டப்பெயர் வாங்கிய ஏர்ல் மன்ட்ஸ் காருக்கு ஸ்டீரியோ கேட்ரிட்ஜ் கொண்டுவந்தார். (இதே ஆசாமி ஐம்பதுகளில் 'மன்ட்ஸ் ஜெட்' என்று சொந்தமாக ஸ்போர்ட்ஸ் காரே செய்து நஷ்டப்பட்டவர்.) பின்னாலேயே குட்டி ஜெட் விமானப் புகழ் பில் லியரின் 8-டிராக். 1966 மாடல் ஃபோர்டு கார்களில் அது வந்தது. ரேடியோக்காரன் போடுவதைக் கேட்ட காலம் போய், நம்ம பாட்டை நாமே போடும் காலம். நம்ம பாட்டு என்றால் சத்தமாக வேண்டுமே!

1973-ல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜிம் ஃபாஸ்கேட் என்பவர் காருக்கென்றே தனி ஆம்ப்ளிஃபையர் செய்தார். ராக்ஃபோர்ட் ஃபாஸ்கேட் என்ற பெயருக்குப் பின்னால் இருப்பவர் இவர்தான். இந்த மாதிரி ஆம்ப்பைத் திறந்து பார்த்தால் பாதி இடத்தில் ஆம்ப்ளிஃபையரே இருக்காது. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வளையம், பக்கத்தில் மாஸ்ஃபெட் வரிசை. 12 வோல்ட்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்றி, ப்ளஸ்ஸிலும் மைனஸிலும் இருபது முப்பது வோல்ட்டாக்கித் தருகிற ஏற்பாடு. 4 ஓமில் ஐம்பது வாட் வேண்டுமென்றால் உச்சத்தில் 20 வோல்ட் வேணுமே, வேறு வழி?

கவனிச்சீங்களா? வைப்ரேட்டர்தான்! தாத்தா தகடாக நின்று துடித்தார், பேரன் சிலிக்கானில் துடிக்கிறான். டிரான்சிஸ்டர் எதை வீட்டை விட்டு விரட்டியதோ, அதையே இருபது வருஷத்தில் கொல்லைப்புறமாக உள்ளே கூப்பிட்டுக்கொண்டது. எட்டு செமஸ்டர் படித்தபோது ஒருத்தரும் இதை இப்படிச் சொல்லித்தரவில்லை. புஷ்-புல் ஆம்ப்ளிஃபையருக்குச் சூத்திரம் எழுதி 16 மார்க் வாங்கினேன், எதற்கென்று தெரியாமலே.

சரி, மியாட்டாவுக்கு வருவோம். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான கார். குதிரையும் வீரனும் ஒன்றாவது மாதிரி ஓட்டுபவனும் காரும் ஒன்றாகணும் என்பது மாஸ்டாவின் தாரக மந்திரம். எடை முன்னும் பின்னும் சமமாக இருக்கட்டும் என்று பேட்டரியைக்கூடப் பின்னால் டிக்கியில் வைத்தார்கள். ஆம்ப் மாட்டுபவனுக்கு இது லட்டு. மற்ற கார்களில் பானெட்டுக்குள்ளிருந்து டிக்கி வரை தடி வயரை இழுக்கணும். இதில் ஆம்ப்புக்குப் பக்கத்திலேயே பேட்டரி. ரெண்டடி வயர்.

அந்த ரெண்டடிதான் என்னைக் கவிழ்த்தது.

"ஃபியூஸ் ஹோல்டரை எங்கடா மாட்டுறது?"ன்னு கேட்டான். "ரெண்டடி வயருக்கு ஃபியூஸ் எதுக்கு? ஆம்ப்லயே ஒண்ணு இருக்குல்ல"ன்னேன். இஞ்சினியர் சொல்லிட்டான், அவனும் நம்பிட்டான். பேட்டரி ப்ளஸ்ஸில் வயரை முடுக்கினேன். வயரின் மறுமுனை எங்கே கிடக்கிறது என்று பார்க்கவில்லை. டிக்கித் தகட்டில் பட்டது.

'படார்'. நீல வெளிச்சம். வயர் உறை புகைய ஆரம்பித்தது. அவன் யோசிக்கவே இல்லை, கையில் இருந்த துணியைச் சுற்றி வயரைப் பிடுங்கி எறிந்தான். ரெண்டு மூணு செகண்ட் இருக்கும். உள்ளங்கையில் கொப்புளம். துணி இல்லையென்றால், அவன் இல்லையென்றால்... பேங்க்காரர் காரை நினைத்துச் சிரித்தவன் சிரிப்பு அங்கே நின்றது.

ஆம்ப்புக்குள் இருக்கும் ஃபியூஸ் ஆம்ப்பைக் காக்கத்தான். வயரைக் காப்பது பேட்டரியை ஒட்டிப் போடும் ஃபியூஸ். எங்க ஆம்ப் முழு மூச்சில் இழுத்தாலும் 25 ஆம்பியர்தான். தகட்டில் பட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கில் கொட்டும். நீளம் ரெண்டடியா இருபதடியா என்று அது பார்ப்பதில்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடி உட்கார்ந்தோம். முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றினோம், ஃபியூஸ் ஹோல்டரை மாட்டினோம், ஃபியூஸைக் கடைசியில் செருகினோம். அவன் கையில் கட்டு இருந்ததால் ஸ்க்ரூ எல்லாம் நான்தான் முடுக்கினேன். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சாயந்திரம் ஸ்கைலைன் மலை ரோட்டில் கூரையைத் திறந்துகொண்டு போனோம். ராஜா பாட்டு, காற்றை மீறித் தெளிவாகக் கேட்டது. நாலு வளைவு தாண்டியதும் அவனே ஆஃப் பண்ணினான். "இஞ்சின் சத்தத்தையும் கொஞ்சம் கேப்போம்டா"ன்னான். அந்தக் காரின் எக்ஸாஸ்ட் சத்தத்தையும் மாஸ்டா இஞ்சினியர்கள் மெனக்கெட்டுத்தான் செதுக்கினார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கைக்கட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.