மாய உறவும் கள்ளிச் சாட்சியும்: நீலி கதையின் ஒரு படலம்

குழந்தைகளுக்கான சித்திரத் தொடர்களில் மந்திரம் அறிந்த உறவினர் ஒருவர் தவறாமல் இடம்பெறுவார். 2007-இல் சுட்டி டிவி தொடங்கப்பட்ட பின்னர் தமிழ்ப் பேச்சுடன் நம் வீடுகளுக்குள் வந்த ஜாக்கி சான் தொடரின் கிழட்டு மாமாவை இன்றைய கல்லூரி மாணவர்கள் பலர் நன்கு அறிவர். ஆபத்து நேரும்போதெல்லாம் பழஞ்சுவடியைப் புரட்டி, மந்திரம் சொல்லி, வீட்டாரைக் காப்பது அவர் தொழில். மாய உறவு என்றால் உதவிக்கு வரும் உறவு என்பதே அத்தகைய கதைகளின் இலக்கணம். நம் நாட்டார் மரபிலும் ஒரு மாய உறவு உண்டு. ஆனால் அவள் உதவிக்கு வந்தவள் அல்லள். கணக்குத் தீர்க்க வந்தவள். 'நான் உன் மனைவி, இது உன் பிள்ளை' என்று நடுவழியில் மறித்து நின்ற நீலியைத்தான் குறிப்பிடுகிறோம்.

நீலி கதை நீண்டது, வடிவங்களும் பல. அவற்றுள் பழையனூர் மன்றில் நிகழும் வழக்கு என்னும் ஒரு படலத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

படலத்தின் சுருக்கம் இது. வணிகன் ஒருவன் தனியே பயணம் போகிறான். பேய்மகளால் உயிருக்கு ஆபத்து உண்டென்று எச்சரிக்கப்பட்டவன். காப்பாக மந்திர வாள் ஒன்றை ஏந்தியிருக்கிறான். நீலி அழகிய பெண்ணுருக் கொள்கிறாள். கள்ளிக் கிளை ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். அஞ்சி ஓடும் வணிகன் பழையனூர் வேளாளர் எழுபதின்மர் கூடியிருந்த மன்றில் அடைக்கலம் புகுகிறான். பின்னாலேயே வந்த நீலி, தன்னையும் பிள்ளையையும் கைவிட்டு ஓடும் கணவன் இவன் என்று கண்ணீர் விட்டு முறையிடுகிறாள். இவள் மனைவி அல்லள், பேய் என்கிறான் வணிகன். இடுப்பிலிருந்து இறக்கிவிடப்பட்ட பிள்ளை அவனை நோக்கித் தாவி, 'அப்பா' என்கிறது. மன்றத்தாருக்கு ஐயம் தீர்கிறது. வாளை வாங்கி வைத்துக்கொண்டு, உன் உயிருக்கு ஊறு நேர்ந்தால் எங்கள் எழுபது உயிரும் ஈடு என்று உறுதிமொழி தந்து, இருவரையும் ஓர் அறையில் தங்க வைக்கின்றனர். விடிந்து பார்க்கையில் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். சொன்ன சொல் தவறாத எழுபதின்மரும் தீப்புகுந்து உயிர் துறக்கின்றனர்.

இக்கதை மிகப் பழையது. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே, வஞ்சனையால் ஒருத்தி உயிர் கொண்டதையும் அதைக் கேட்டு அஞ்சிய பழையனூரையும் குறிப்பிட்டுச் செல்கிறார். விளக்கம் சொல்லவில்லை, கேட்பவர் அறிவர் என்னும் தெளிவு அக்குறிப்பில் இருக்கிறது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை அடுத்து இருக்கும் பழையனூர், எழுபது வேளாளரின் வாய்மையை இன்றும் தன் பெருமையாகப் போற்றும் ஊர்.

சமணரும் இந்நீலியை விட்டுவைக்கவில்லை. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியின் தலைவி இதே பழையனூர் நீலிதான். முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரின் தவத்தைக் கெடுக்க அரச குமாரியின் உருவில் வந்து மயக்க முயன்று தோற்கிறாள்; அவரிடமே அறம் கேட்டு, பிற சமயத்தாரை வாதில் வெல்லும் அறிஞையாகிறாள். மன்றில் பொய்யுரைத்தவளாக அறியப்பட்ட ஒருத்தியைத் தருக்க நூலொன்றின் தலைவியாக்கிய அந்த ஆசிரியரின் துணிவு வியப்புக்குரியது. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி 1936-இல் இந்நூலைச் சமய திவாகர வாமன முனிவர் உரையுடன் பதிப்பித்தார்.

சைவம் எழுபதின்மரின் வாய்மையைப் பாடியது. சமணம் நீலியின் மனமாற்றத்தைப் பாடியது. நீலி ஏன் வந்தாள் என்னும் வினாவை முன்னிறுத்திப் பாடியது தெற்கே நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டு. நம் கட்டுரையின் மையம் இதுவே.

நாஞ்சில் நாட்டில் இக்கதை இசக்கியம்மன் கதையாகக் கொடைவிழாக்களில் பாடப்படுவது. பாடுவோர்க்கேற்ப விவரங்கள் மாறினும் எலும்புக்கூடு ஒன்றே. அது மன்றில் தொடங்குவதில்லை, முற்பிறவியில் தொடங்குகிறது. தேவதாசி ஒருத்தியிடம் மனம் பறிகொடுத்த வேதியன், தன் பொருளெல்லாம் அவள் வீட்டில் தொலைக்கிறான். கை வறண்டதும் தாய்க்கிழவி அவனை விரட்டிவிடுகிறாள். மகளோ அவன்மீது உண்மை அன்பு கொண்டவள். நகைகளை அணிந்துகொண்டு அவனைத் தேடிக் காட்டுவழியே வருகிறாள். களைத்து அவன் மடியில் தலைவைத்து உறங்குகிறாள். நகைக்கு ஆசைப்பட்ட வேதியன், மணலைக் குவித்து அவள் தலையை அதில் இறக்கி வைத்து, கல்லைத் தூக்கிப் போட்டுக் கொல்கிறான். ஆளில்லாக் காடு. அருகே நின்றது ஒரு கள்ளிச் செடி மட்டுமே. சாகும் தறுவாயில் அவள் அந்தக் கள்ளியைப் பார்த்து, நீயே சாட்சி என்கிறாள். அடுத்த பிறவியில் அவள் நீலியாகிறாள், வேதியன் வணிகனாகிறான்.

இனி மன்றுக்குத் திரும்புவோம். நீலியின் இடுப்பிலிருந்த குழந்தை எதனால் ஆனது? கள்ளிக் கிளையால் ஆனது. வடக்கே சுருக்கமாக வழங்கும் வடிவத்தில் அது வெறும் மாய வித்தை. கையில் அகப்பட்ட செடியைப் பிள்ளையாக்கினாள், அவ்வளவே. தெற்கத்திப் பாட்டை முதலிலிருந்து கேட்டவனுக்கோ அது வித்தை அன்று. கொலையைக் கண்ட ஒரே சாட்சியை அவள் மன்றுக்குத் தூக்கி வந்திருக்கிறாள்! மன்றத்தார் அதைப் பிள்ளை என்று எண்ணினர். கேட்போர் அது சாட்சி என்று அறிவர். இவன் எனக்கு உரியவன், என்னைக் கைவிட்டவன் என்று அவள் சொன்னது அந்தப் பிறவிக்குப் பொய், முற்பிறவிக்கு மெய்.

மரம் சாட்சி சொல்வது தமிழ் மரபுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் வஞ்சின மாலையில் கண்ணகி எடுத்துரைக்கும் புகார்ப் பத்தினியருள் முதலாமவள், வன்னி மரத்தையும் மடைப்பள்ளியையும் சாட்சியாகக் காட்டியவள். அதே காப்பியத்தின் கட்டுரை காதையிலும் ஒரு நீலி வருகிறாள். பொய்க் குற்றச்சாட்டால் கொல்லப்பட்ட சங்கமன் என்னும் வணிகனின் மனைவி அவள். பதினான்கு நாள் துயருற்று அலைந்து, இத்துயர் செய்தவர் இதையே அடைக என்று சபித்து உயிர் விடுகிறாள். கோவலன் கொலையுண்டதற்குக் காரணமாகக் காப்பியம் சொல்வது அச்சாபமே. இரு நீலியரும் ஒருவர் என்று நாம் வாதிட வரவில்லை. ஆயினும் நீதி கிடைக்காத பெண் அடுத்த பிறவி வரை கணக்கைக் கொண்டுசெல்வாள் என்னும் கருத்து, அப்பெயரோடு நெடுங்காலமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

தெற்கு அவள் கதையைக் கேட்டதோடு நிற்கவில்லை. அவளைக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டது. இயக்கி என்னும் சொல்லின் திரிபே இசக்கி என்பர் அறிஞர். கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்த மாதரி, மதுரைப் புறஞ்சேரியில் ஓர் இயக்கிக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பியவள் என்பதைச் சிலம்பு கற்றோர் நினைவுகூர்வர். குமரி மாவட்டத்துச் சிதறால் மலையில் சமணர் வழிபட்ட அம்பிகை இயக்கி பிற்காலத்தில் பகவதியாக வழிபடப்பட்டாள். ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் இசக்கியம்மன் பெருந்தெய்வமாக அமர்ந்திருக்கிறாள். இசக்கியின் உருவங்களில் கையில் குழந்தை இருக்கும். வாயில் குழந்தையைக் கவ்விய கொடிய உருவங்களும் உண்டு. அந்த அச்சத்தை மறைக்காமலேயே மக்கள் அவளை 'அம்மை' என்று அழைக்கின்றனர். பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகின்றனர். கள்ளிக் கிளையாலான பொய்ப் பிள்ளையைத் தூக்கி வந்தவளிடம் போய் மெய்ப் பிள்ளை கேட்கிறார்கள் என்பதில்தான் எத்தனை ஆழமான மன்னிப்பு இருக்கிறது! அவர்கள் அவளை மன்னித்தார்களா, அல்லது அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார்களா என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம்.

இதே மாவட்டத்தின் கடற்கரையில், மண்டைக்காட்டில், பகவதி புற்று வடிவில் வழிபடப்படுகிறாள். அவள் நீலியும் அல்லள், இசக்கியும் அல்லள். கதை வேறு, மரபு வேறு. எனினும் மாசிக் கொடை நாட்களில் குமரியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் இருமுடி சுமந்து திரளும் பெண்களைக் கண்டோர், பெண்களின் சபரிமலை என்று அவ்வூர் பெயர் பெற்றதன் பொருளை உணர்வர். தலைநோய்க்கு மண்டையப்பம் படைத்து, வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத குறையைப் புற்றின் முன் சொல்லி வருகிறார்கள். அங்கே எவரும் அவர்களைச் சாட்சி கேட்பதில்லை. வில்லுப்பாட்டு நீலிக்குச் செய்ததும் இதுவே: தீர்ப்புச் சொல்லும் முன் முழுவதையும் கேட்டது.

மொழியோ வேறு வழியில் சென்றுவிட்டது. 'நீலிக்கண்ணீர்' என்னும் தொடரைப் பொய்யழுகை என்ற பொருளில் நாள்தோறும் ஆள்கிறோம். அரசியல் மேடையில் ஆள்வது ஒருபுறம் இருக்கட்டும். கைவிடப்பட்ட பெண் பிள்ளையோடு பஞ்சாயத்தில் நின்று அழும்போது, கூட்டத்தில் ஒருவர் இத்தொடரைச் சொன்னால் போதும். வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. மன்றத்தார் ஒருமுறை ஏமாந்தார்கள் என்பதற்காக, அதன் பின் அழுத பெண்கள் எல்லோரும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தொடரை உருவாக்கியவர்கள் கதையைப் பாதியிலிருந்து கேட்டவர்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

எழுபதின்மரின் வாய்மையைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. தந்த சொல்லுக்காகத் தீயில் இறங்கியவர்கள் அவர்கள், அதற்கு ஈடில்லை. ஆனால் அவர்கள் தம் முன் நிகழ்ந்ததை மட்டும் விசாரித்தார்கள். காட்டில் நிகழ்ந்ததை விசாரிக்க அவர்களுக்கு வழியில்லை. அவ்வழியைத் திறந்து வைத்தவர்கள், இரவெல்லாம் வீசுகோலால் வில்லடித்துப் பாடிய, பெயர் தெரியாத நாஞ்சில் நாட்டுப் புலவர்கள். அடுத்த முறை 'நீலிக்கண்ணீர்' என்று எழுதப் புகும்போது, அந்தக் கள்ளிச் செடியையும் ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம்.