ஊத்தா

மணப்பாறையில் ஆற்றோரம் தூண்டில் போட்டு உட்கார முடியாது. மழைக்கு மட்டும் ஓடுகிற ஆறு அது. இங்கே மீன்பிடி என்றால் குளம்தான். மருங்காபுரி, துவரங்குறிச்சி, அப்படியே பொன்னமராவதி, நத்தம் வரைக்கும் கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் மீன்பிடித் திருவிழா. வெளியூர்க்காரர்கள் முதல்நாள் ராத்திரியே வேனிலும் டூவீலரிலும் வந்து கரையில் துண்டை விரித்துவிடுவார்கள். அடுப்புக்கூட்டிச் சோறு, நடுச்சாமம் வரை கேலி, போன வருசம் நழுவிப்போன விரால் இந்த வருசம் ஒரு முழம் வளர்ந்த கதை. ஆனால் விடிந்து ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டு வீசும்வரை தண்ணீரில் ஒருத்தரும் கால் வைக்க மாட்டார்கள். எல்லார் தலைமாட்டிலும் ஒரு கூடை இருக்கும். அதன் பேர் ஊத்தா.

மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடை. வாய் குறுகல், அடி அகலம். கலங்கிய சேற்றில் குத்த வேண்டும். உள்ளே மாட்டிய மீன் பக்கத்தில் மோதினால் விளிம்பைப் பிடித்த கைக்குத் தெரியும். மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவி எடுக்கலாம். கெளுத்தியாக இருந்தால் முள் குத்தும். வீங்கிய விரலோடு வீடு திரும்பலாம்.

ஊத்துவதால் ஊத்தா என்று சிலர் சொல்கிறார்கள். இதில் எதை ஊத்துகிறோம்? காற்று காத்தாகிறது, சேற்றில் என்பது சேத்தில் ஆகிறது. அதே வழியில் ஊற்றால் ஊத்தாலாகி, கடைசி ‘ல்’லும் உதிர்ந்து ஊத்தாவானது. மலையாளத்தில் இதே கூடைக்கு ஒற்றால் என்று பேர். இங்கே உதிர்ந்த ‘ல்’ அங்கே நிற்கிறது. ஜெயராஜ் இயக்கிய ஒரு படத்துக்கே அதுதான் தலைப்பு. வேர் ‘ஊன்று’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 415ஆம் குறள் ஊன்றுகோலை ஊற்றுக்கோல் என்கிறது. அதுவும் வழுக்குகிற சேற்றுக்குத் துணையாக! ஊத்தாவுக்கும் வேலை சேற்றில் ஊன்றி நிற்பதுதான்.

வங்கத்திலும் அசாமிலும் இதே கூடை ‘பொலோ’. அங்கும் ஊரே திரண்டுதான் இறங்குகிறது. காரணம் கூடையிலேயே இருக்கிறது. தூண்டிலுக்கு ஒரு ஆள் போதும். ஊத்தாவைத் தனியாகக் குத்தினால் மீன் பத்தடி தள்ளிப் போய்விடும். நூறு பேர் கலக்கினால்தான் என் காலடியில் தப்பியது உங்கள் கூடையில் விழும். அதனால்தான் ராத்திரியே ஆள் சேருகிறது.

இப்போது மூங்கிலுக்குப் பதில் இரும்பு வளையமும் நைலான் வலையும் வந்துவிட்டன. பேர் மாறவில்லை. பத்திரிகைகளில் ‘மீன்பிடி கூடை’ என்று பொதுவாக எழுதுகிறவர்கள் ஊத்தா என்றே எழுதலாம்; குளத்தங்கரையில் யாருக்கும் அகராதி தேவைப்படாது.