தொக்கணமும் பிழைப்பும்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் உடல் பிடிக்கும் தொழில்

உடலைப் பிடித்துவிடும் தொழிலை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் கடலூர் மாவட்டத்து இளைஞர் ஒருவருக்கு இன்று மூன்று வாயில்கள் திறந்திருக்கின்றன. ஐந்தரை ஆண்டு சித்த மருத்துவப் பட்டம் ஒன்று. நான்கு ஆண்டுகளுக்கு மேல் படிக்க வேண்டிய இயன்முறை மருத்துவப் பட்டம், அதாவது பிசியோதெரபி, மற்றொன்று. குறுகிய காலப் பயிற்சிக்குப் பின் சான்றிதழ் தந்து ஸ்பா எனப்படும் மசாஜ் நிலையங்களுக்கு ஆள் அனுப்பும் திறன் பயிற்சி மூன்றாவது. இவற்றுள் முதல் இரண்டிலும், இத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாக இப்பகுதியில் சுமந்துவந்த குடும்பங்களின் கைப்பழக்கம் சேர்க்கைக்கோ தேர்ச்சிக்கோ கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. அறிவு ஒரு கையிலும் அங்கீகாரம் வேறொரு கையிலும் போய்ச் சேர்ந்த இந்தப் பிரிவு இயல்பாக நேர்ந்ததன்று. அதற்குத் தடம் பிடிக்கத்தக்க வரலாறு உண்டு.

சித்த மருத்துவம் மருந்துகளை உட்கொள்ளும் அகமருந்து 32, உடலின் மேல் செய்யப்படும் புறமருந்து 32 என வகுத்து, உடல் பிடித்துவிடுதலைத் தொக்கணம் என்னும் பெயரில் புறமருந்துகளுள் ஒன்றாக வைக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று தொக்கணம் ஒன்பது வகைப்படும். இப்பெயர்கள் அனைத்தும் கையின் செயல்களாகவே அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. ஏனெனில், நோயின் பெயரையோ உறுப்பின் பெயரையோ கொண்டு வகைப்படுத்தாமல், பிடிப்பவரின் கை என்ன செய்கிறது என்பதைக் கொண்டே இம்முறை வகைப்படுத்துகிறது. வாதம் மிகுந்து மூட்டிலும் இடுப்பிலும் பிடிப்பு ஏற்பட்டவருக்கு, வெந்நீர்ப் பாத்திரத்துள் கிண்ணத்தை வைத்து இளஞ்சூடாக்கிய தைலத்தைத் தேய்த்து, தசையை முதலில் தளர்த்தி, பிறகு அழுத்தி, இறுதியில் மூட்டை மெல்ல அசைத்துவிடுவது வழக்கம். காய்ச்சல் கண்டவருக்கும் உண்டு முடித்தவருக்கும் தைலம் தொடுவதில்லை. தசைக்குள் திரண்டு நிற்கும் இறுக்கத்தை விரல் நுனியால் கண்டுபிடிப்பதும், நோயாளி மூச்சை விடும் நேரம் பார்த்து அழுத்தத்தைக் கூட்டுவதும் ஏட்டில் எழுதி முடிக்கக்கூடியவை அல்ல. ஒருவர் கையின் மேல் மற்றொருவர் கை வைத்துக் கற்றவை.

இக்கைவேலைக்கு மருத்துவமனையில் இடம் இருந்ததா என்ற கேள்விக்கு, சோழர் காலத்துச் சான்று ஒன்று ஓரளவு விடை தருகிறது. காஞ்சிபுரம் பகுதியிலுள்ள திருமுக்கூடல் கோயிலில் காணப்படும் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு இயங்கிய 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையை, அதாவது நோயுற்றோர் தங்கி மருத்துவம் பெறும் சாலையை, விவரிக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், மருந்து அடும் பெண்டுகள் ஆகியோரோடு நாவிதர் ஒருவரும் அச்சாலையின் பணியாளர் பட்டியலில் இடம்பெறுகிறார். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல் என்றால் நாவிதருக்கு 15 கலம். அங்கே சேமித்து வைக்கப்பட்ட மருந்துகளில் தைலங்கள் பலவும் உள்ளன. எனினும் அவற்றைத் தேய்த்துவிட்டவர் யார் என்று கல்வெட்டு கூறவில்லை. நாவிதர் அச்சாலையில் சிகை மட்டுமே களைந்தார் என்று கொள்வதைவிட, பிற்காலத்தில் அவர் குலம் செய்துவந்த தொழில்களை மனத்தில் கொண்டு, நோயாளியின் உடலைத் தொட்டுச் செய்யும் பணிகளில் அவருக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்று ஊகிப்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

பிற்காலத்து நிலை ஓரளவு தெளிவானது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் தொகுப்பு, சவரத் தொழில் செய்த குலத்தாருக்கு மருத்துவன், பண்டிதன், பரியாரி ஆகிய பட்டங்கள் வழங்கிவந்ததையும், ஆண்கள் மருத்துவமும் சிறு அறுவையும் செய்ததையும், பெண்கள் பிரசவம் பார்த்ததையும் பதிவு செய்துள்ளது. கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்துச் சிற்றூர்களிலும் இவ்வேற்பாடே நிலவியது. கட்டணம் அவ்வப்போது காசாக வராமல், அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் அளந்து தரும் நெல்லாகவும் மானிய நிலமாகவும் கிடைத்தது. ஏர் ஓட்டியும் நாற்று நட்டும் இடுப்பு ஒடிந்தவர்களுக்கும், தேவனாம்பட்டினம் கடற்கரையில் வலை இழுத்துத் தோள் பிடித்துக்கொண்டவர்களுக்கும் சுளுக்கு வழித்து, பிசகிய மூட்டை இழுத்துப் பொருத்தி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுப் போட்டவர்கள் இவர்களே. பெண்களின் பங்கு இதைவிடப் பெரியது என்றே சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவளின் வயிற்றையும் இடுப்பையும் எண்ணெய் தடவி நீவிவிடுவதும், பச்சிளங்குழந்தையை நீட்டிய கால்களின் மேல் கிடத்திக் கைகால்களை உருவிக் குளிப்பாட்டுவதும், உரம் விழுந்த குழந்தையைச் சேலையில் இட்டு உருட்டி உரம் எடுப்பதும் மருத்துவச்சியின் வேலைகள். உயர்சாதி வீட்டின் பேறுகால அறைக்குள் நுழைந்து தாயையும் சேயையும் தொட்ட அதே கை, தீட்டுக் கழிந்த பின்னர் அவ்வீட்டுத் திண்ணைக்கு மேல் வர அனுமதிக்கப்படாத நிலைதான் இத்தொழிலின் நெடுநாள் துயரம். உடலைத் தொடும் வேலை தேவையானது, ஆனால் தாழ்ந்தது என்று சமூகம் வைத்திருந்த மதிப்பீடே பின்னர் வந்த ஒவ்வொரு சீர்திருத்தத்தையும் பாதித்தது.

ஆங்கிலேயர் 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டபின் ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் இப்பகுதிக்கு வந்தனர். 1835இல் சென்னையில் மருத்துவப் பள்ளி தோன்றியதிலிருந்து சான்றிதழ் பெற்றவரே மருத்துவர் என்ற கருத்து மெல்ல வேரூன்றியது. அதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நிகழ்ந்தது: பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது 1814இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலோடு இந்திய முறையில் உடல் பிடித்துவிடும் நிலையம் தொடங்கி, நான்காம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனை நியமனம் வரை உயர்ந்தார். இந்தியக் கைக்கு இந்தியாவில் கிடைக்காத மதிப்பு கடல் கடந்து கிடைத்தது.

சென்னை மாகாண அரசு நாட்டு மருத்துவ முறைகளை ஆராய்வதற்காக 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைத்ததும், அக்குழு 1923இல் அளித்த அறிக்கையின் விளைவாகச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி உருவானதும் சித்த மருத்துவத்தின் வரலாற்றில் பெருந்திருப்பங்கள். பாளையங்கோட்டையில் 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1970ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மத்தியக் கழகச் சட்டம் பட்டத்தையும் பதிவையும் நாடு முழுவதும் ஒழுங்குபடுத்தியது. சுவடியும் மருந்தும் நாடி பார்த்தலும் இவ்வாறு கல்லூரிக்குள் நுழைந்தன. தொக்கணமும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. அதைச் செய்துவந்த ஊர்ப் பரியாரியும் மருத்துவச்சியும் பெரும்பாலும் வெளியிலேயே நின்றனர்.

கைவேலைக்கு அங்கீகாரம் தருவது யார் என்ற கேள்வியை இங்கிலாந்து வேறுவிதமாகக் கையாண்டது. 1894இல் லண்டனின் மசாஜ் நிலையங்கள் சில ஒழுக்கக்கேட்டின் போர்வையாக இயங்குகின்றன என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழ் எழுதியபோது, ரோசலிண்ட் பேஜெட் உள்ளிட்ட நான்கு செவிலியர் பயிற்சி பெற்ற மசாஜ் பணியாளர் சங்கத்தை நிறுவினர். தேர்வு நடத்தி, மருத்துவர் பரிந்துரையின் பேரிலேயே பணிபுரிவது என்று விதி வகுத்து, தொழிலின் பெயரை மீட்டனர்; 1920இல் அரச சாசனம் பெற்ற அச்சங்கமே பின்னாளில் இயன்முறை மருத்துவர் சங்கமாக வளர்ந்தது. கைவேலை செய்தவர்களே தங்கள் தேர்வைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள் என்பதுதான் இதில் முக்கியம். தமிழகத்தில் அந்த வாய்ப்பு கைவேலைக்காரர்களுக்குக் கிட்டவில்லை.

அந்த இயன்முறை மருத்துவம் சிதம்பரத்துக்கும் வந்து சேர்ந்தது. 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1985இல் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது. அங்கு உருவான உடலியல் மருத்துவ மறுவாழ்வுப் பிரிவு, பக்கவாதம் கண்டவர்களுக்கும் எலும்பு முறிந்தவர்களுக்கும் பயிற்சியளிக்கும் துறையாக அமைந்தது. ஊர்ப் பரியாரியின் மகன் பள்ளியில் அறிவியல் பிரிவு படித்துக் கட்டணமும் கட்ட முடிந்தால் இவ்வழியே அவனும் போகலாம். ஆனால் தந்தையிடம் கற்ற கைப்பழக்கம் அவனுக்கு அங்கே தனிச் சலுகை எதையும் தருவதில்லை.

மூன்றாவது வாயிலான ஸ்பாக்களோ லண்டன் 1894இல் கண்ட ஐயத்தையே இன்று தாங்கி நிற்கின்றன. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் ஸ்பாக்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்துமாறு உத்தரவிட்டார். அடுத்த மாதமே அதே நீதிமன்றத்தின் மற்றொரு நீதிபதி அது தனியுரிமைக்கு முரணானது என்று மாறுபட்டார். ஐயம் சூழ்ந்த இத்தொழிலுக்குப் பெண்பிள்ளைகளை அனுப்பக் குடும்பங்கள் தயங்குவதில் வியப்பில்லை. மருத்துவச்சி மரபில் வந்த பெண்கள் பலர் அம்மரபின் பெயரையே சொல்லாமல் வேறு வேலை தேடிப் போய்விட்டனர். இது இழப்பு, பெரிய இழப்பு.

ஆனாலும் தேவை குறையவில்லை. நெய்வேலிச் சுரங்கத்திலும் கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்திலும் பண்ருட்டி முந்திரித் தோப்புகளிலும் உடலால் உழைப்பவர்களுக்கு இடுப்பும் தோளும் இன்றும் வலிக்கின்றன. மத்திய அரசு 2015 முதல் நடத்திவரும் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் முன்பே கற்ற திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் பிரிவு ஒன்று உண்டு. தொக்கணத்தின் ஒன்பது கைமுறைகளையும் பேறுகால உருவுதலையும் அப்பிரிவின் கீழ்க் கொண்டுவந்து, சோதிப்பவர் குழுவில் சித்த மருத்துவரோடு பழுத்த ஊர்ப் பரியாரி ஒருவரும் மருத்துவச்சி ஒருவரும் அமர்ந்து, எழுத்துத் தேர்வின்றிக் கையை மட்டும் பார்த்துத் தேர்ச்சி வழங்கி, தேர்ந்தவர்களை அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளில் மாதச் சம்பளத்தோடு அமர்த்துவதற்குப் புதிய கல்லூரி எதுவும் தேவையில்லை. மாவட்ட அளவிலேயே தொடங்கக்கூடிய வேலை அது.