கிற்றார் கம்பனியை இரசிகர்களிடம் ஒப்படைத்தால்...

நீர்கொழும்புக்கு வடக்கே மா ஓயாவைக் கடந்ததும் புத்தளம் மாவட்டம் தொடங்குகிறது. வென்னப்புவ, மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி என்று நீளும் அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவன் நான். பத்திரிகைத் தொழிலில் மீன்விலை, உப்பளம், தேர்தல் ஆகியவற்றோடு அக்கரையின் இசையைப் பற்றியும் அவ்வப்போது எழுதி வந்திருக்கிறேன். இன்று எழுதப்போவது அந்த இசைக்குக் கருவி செய்து தந்த தூரதேசத்துக் கம்பனிகளின் கதை.

எங்கள் கரைக்குக் கிற்றார் புதிய விருந்தாளியன்று. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற பைலா இங்கே நிலைத்துவிட்டது. புத்தளம் நகருக்கு அருகே சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளி மக்கள் கரண்டி, தேங்காய்ச் சிரட்டை, கண்ணாடிப் போத்தல் ஆகியவற்றைத் தாளக் கருவிகளாகக் கொண்டு தங்கள் 'மஞ்சா' பாடல்களை இன்றும் பாடுகின்றனர். பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வொலி பஸ்தியன் பைலாவைச் சிங்கள மேடைக்குக் கொண்டுவந்தார். 1960களில் கிளாரன்ஸ் விஜேவர்தன 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவின் மூலம் மின்கிற்றாரைச் சிங்களப் பாடலின் மையத்தில் வைத்தார். 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் தமிழ்ப் பொப் பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. கல்யாண வீடானாலும் கோயில் திருவிழாவானாலும் கிற்றார்க்காரர் இல்லாத மேடை எங்கள் பக்கத்தில் அரிது.

இந்தக் கிற்றார்க்காரர்களிடம் ஒரு பொதுக்குணத்தைக் கண்டிருக்கிறேன். கையிலுள்ள கருவியைக் காதலிப்பார்கள். அதைச் செய்த கம்பனியைத் திட்டுவார்கள். "ஒரு வருஷம் அந்தக் கம்பனிய எங்கட கையில தந்து பாக்கட்டும் அண்ணே" என்று சிலாபத்து இசைக்கலைஞர் ஒருவர் என்னிடம் சொன்னதுண்டு. உலகெங்கும் கிற்றார் வாசிப்போர் சொல்லும் வாசகம்தான் இது. வியப்பு என்னவென்றால், வரலாற்றில் இந்த ஆசை சில தடவைகள் ஏறக்குறைய நிறைவேறியே இருக்கிறது. அப்போது என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம்.

முதலில் பெண்டர். லியோ பெண்டர் கலிபோர்னியாவின் புலர்டன் நகரில் 1938இல் வானொலி திருத்தும் கடை ஒன்றைத் தொடங்கியவர். கணக்கியல் படித்தவர். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. உலகப் புகழ்பெற்ற 'டெலிகாஸ்டர்', 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' ஆகிய இரண்டையும் 1950களின் முற்பகுதியில் சந்தைக்குத் தந்தவர் இவரே என்பதை நினைவிற் கொண்டால், இந்தச் செய்தியின் கனம் விளங்கும். வாசிக்கத் தெரியாத காரணத்தால் வாசிப்போரைக் கேட்பதைத் தவிர அவருக்கு வேறு வழியிருக்கவில்லை. மாதிரிகளைச் செய்து அயலிலிருந்த மேடைக் கலைஞர்களிடம் கொடுப்பார். அவர்கள் சொல்லும் குறையைக் கேட்டுத் திருத்துவார். டெலிகாஸ்டரின் கூரிய விளிம்பு விலாவில் குத்துகிறது என்று பில் கார்சன், ரெக்ஸ் கலியன் போன்றோர் முறையிட்டதன் பயனாகவே, 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடல் மனித உடலுக்கு இசைய வளைத்துச் செதுக்கப்பட்டது. கழுத்தைத் திருகாணிகளால் பூட்டியதும் இதே சிந்தனையின் விளைவு. கழுத்து கெட்டால் கழற்றி மாற்றிவிடலாம். வானொலி திருத்தியவரின் மூளை அது.

1965 ஜனவரியில் உடல்நலக் குறைவினால் லியோ தமது கம்பனியை சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 13 மில்லியன் டொலருக்கு விற்றார். முந்திய ஆண்டில் நியூயோர்க் யாங்கீஸ் பேஸ்போல் அணியை வாங்கிய நிறுவனம் அது. கிற்றாரும் அதற்கு இன்னொரு வரவு-செலவுப் பக்கமே. உற்பத்தி பெருகியது, தரம் சரிந்தது. 'சிபிஎஸ்ஸுக்கு முந்தியது' என்ற சொற்றொடரே கிற்றார்ச் சந்தையில் ஒரு தரச்சான்றாகிவிட்டது.

இங்கே சுவையான ஓர் உண்மையைக் குறிப்பிட வேண்டும். அக்காலச் சீரழிவின் சின்னமாக இரசிகர்கள் காட்டுவது, 1971இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்தைப் பூட்டிய நான்கு திருகாணிகள் மூன்றாகக் குறைக்கப்பட்டதை. ஆனால் அதே மூன்று திருகாணி முறையை லியோ பெண்டர் பின்னர் தாம் பங்கேற்றுத் தொடங்கிய ஜி அண்ட் எல் கம்பனியின் ஆரம்பக் கிற்றார்களிலும் கையாண்டார். குறை திட்டத்தில் இருக்கவில்லை. அதை நிறைவேற்றிய கவனமற்ற கைகளில் இருந்தது. நோவு எங்கே என்று இரசிகன் சரியாகச் சொல்லிவிடுவான். நோய் என்ன என்று சொல்வதில்தான் தவறிவிடுகிறான்.

1981இல் சிபிஎஸ் நிறுவனமே யமஹாவிலிருந்து பில் ஷூல்ஸ், டான் சிமித் முதலியோரை அழைத்துவந்து பெண்டரைச் சீர்செய்ய முற்பட்டது. பின்னர் அதையும் கைவிட்டு விற்க முடிவுசெய்தபோது, ஷூல்ஸ் தலைமையில் ஊழியர்களும் முதலீட்டாளர்களும் சேர்ந்து 1985இல் கம்பனியை வாங்கினர். விலை 12.5 மில்லியன் டொலர். இருபது ஆண்டுகளுக்குப் பின், இடையில் பணவீக்கம் உச்சத்துக்குப் போயிருந்த நிலையில், வாங்கியதிலும் குறைந்த விலைக்கு சிபிஎஸ் அதை விற்றது! அந்த விலைக்குள் புலர்டன் தொழிற்சாலை அடங்கவில்லை. பெயர், வடிவங்கள், கையிருப்பு, அனுபவம் ஆகியனவே புதிய உரிமையாளர்களின் சொத்து. ஜப்பானில் செய்வித்த கிற்றார்களை விற்றுக்கொண்டே கொரோனா என்ற ஊரில் புதிய தொழிற்சாலையை எழுப்பினர். கம்பனி பிழைத்தது, வளர்ந்தது. கருவியை அறிந்தவர்களின் கையில் கம்பனி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

அடுத்தது கிப்சன். மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் 1902இல் உருவான இக்கம்பனி 1952இல் 'லெஸ் போல்' என்ற மின்கிற்றாரை வெளியிட்டது. 1958க்கும் 1960க்கும் இடையில் சூரியாஸ்தமன நிறம் பூசிய லெஸ் போல் கிற்றார்கள் சுமார் 1,500 மட்டுமே செய்யப்பட்டன. விற்பனை போதவில்லையென்று அவ்வடிவத்தையே கம்பனி நிறுத்திவிட்டது. சில ஆண்டுகளின் பின் கீத் ரிச்சர்ட்ஸ், எரிக் கிளப்டன், மைக் புளூம்ஃபீல்ட் போன்றோர் பழைய லெஸ் போல்களைத் தேடிப்பிடித்து வாசிக்கத் தொடங்கினர். உலகம் அந்த ஒலியில் மயங்கியது. 1968இல் கிப்சன் லெஸ் போலை மறுபடியும் செய்யத் தொடங்கியது. தான் கைவிட்ட பொருளின் பெறுமதியைக் கம்பனி தன் இரசிகர்களிடமிருந்தே கற்றுக்கொண்டது. அந்த 1,500இல் ஒன்று இன்று சில இலட்சம் டொலருக்கு விலைபோகிறது.

1984இல் கலமசூத் தொழிற்சாலையை அன்றைய உரிமையாளரான நோர்லின் நிறுவனம் மூடி, உற்பத்தியை நாஷ்வில்லுக்கு மாற்றியது. ஊரைவிட்டுப் போக விரும்பாத பழைய ஊழியர்கள் சிலர் 1985இல் அதே கட்டடத்தில் 'ஹெரிடேஜ்' என்ற பெயரில் தாமே கிற்றார் செய்யத் தொடங்கினர். பெருங்கம்பனியாக அது வளரவில்லை. ஆயினும் அந்தப் பட்டறையின் கைவினை அழியாமல் காக்கப்பட்டது.

கிப்சனை 1986இல் ஹென்றி ஜஸ்கேவிச்சும் அவருடைய பங்காளிகளும் வாங்கினர். ஜஸ்கேவிச் வணிகம் படித்தவர் மட்டுமல்லர், தாமே கிற்றார் வாசிப்பவர். ஆரம்ப ஆண்டுகளில் தரத்தை உயர்த்திக் கம்பனியைக் காப்பாற்றியவரும் அவரே. பின்னர்தான் சறுக்கல். 2014இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஒலிச்சாதனப் பிரிவை 135 மில்லியன் டொலருக்கு வாங்கினார். 2015இல் தாமாகச் சுருதிகூட்டும் இயந்திரத்தைப் பெரும்பாலான கிற்றார்களில் பொருத்தி, விலையையும் கூட்டினார். வாசிப்போர் சீறினர். கம்பனி பின்வாங்க வேண்டியதாயிற்று. 2018 மே மாதம் 500 மில்லியன் டொலர் வரையிலான கடனுடன் கிப்சன் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. அவ்வாண்டின் இறுதியில் புதிய உரிமையாளரின் கீழ் மீண்டெழுந்தபோது அது செய்த முதற் காரியங்களில் ஒன்று, பழைய வடிவங்களைப் பழையபடியே செய்யும் வரிசையை 2019இல் தனியே அறிவித்தது. ஆகவே வாசிக்கத் தெரிந்த முதலாளி என்பதும் ஒரு காப்புறுதியன்று. பெண்டருக்கு வாசிக்கத் தெரியாது, கேட்கத் தெரியும். ஜஸ்கேவிச்சுக்கு வாசிக்கத் தெரியும். கடைசிக் காலத்தில் கேட்கவில்லை.

அப்படியானால் இரசிகர்களிடமே முழுப் பொறுப்பையும் விட்டுவிடலாமா? அதற்கும் ஓர் உதாரணம் உண்டு. பிரித்தானியக் கிற்றார்க் கலைஞர் றொப் சப்மன் 2009இல் தமது காணொளிகளைப் பார்ப்போரிடம் வாக்கெடுத்து, அவர்கள் கேட்டபடியே கிற்றாரை வடிவமைத்து ஒரு கம்பனியைத் தொடங்கினார். கம்பனி நிலைத்தது, விலையும் நியாயமானது. ஆனால் அதன் முக்கிய வடிவங்கள் எல்லாம் 1950களின் வடிவங்களுக்கு நெருங்கிய உறவுமுறைதான். பெரும்பான்மை வாக்கு ஏற்கெனவே விரும்பியதையே மீண்டும் கேட்கும். புதியதற்கு அங்கே வாக்காளர் இல்லை. 1954இல் வாக்கெடுத்திருந்தால் ஸ்ட்ராட்டோகாஸ்டர் தேறியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

பழமை மீதான இந்த மோகத்தின் உச்சம் வேடிக்கையானது. 1995 முதல் பெண்டர் கம்பனி புத்தம்புதிய கிற்றார்களின் வண்ணத்தைச் சுரண்டி, உலோகத்தைத் துருவேற்றி, பழையது போலாக்கிக் கூடிய விலைக்கு விற்கிறது. எங்கள் கரையில் உப்புக்காற்று இதே வேலையை இலவசமாகச் செய்து தருகிறது. ஆனால் அதற்காக எவரும் கூடிய விலை தருவதில்லை.

மரத்திலும் இதே பிடிவாதம். கிற்றாரின் விரற்பலகைக்கு மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈட்டிமரமும், இலங்கையின் கருங்காலியும் புகழ்பெற்றவை. ஈட்டி, கருங்காலி வகைகள் உலகெங்கும் அருகியபின் சட்டங்கள் இறுகின. மடகஸ்கார் கருங்காலி விவகாரத்தில் கிப்சன் 2012இல் 300,000 டொலர் தண்டம் செலுத்த உடன்பட்டது. 2017இல் ஈட்டி இனங்கள் அனைத்தின் சர்வதேச வணிகமும் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, பெண்டர் தன் மெக்சிகோத் தயாரிப்புகளில் வேறு மரத்துக்கு மாறியது. முணுமுணுத்தோர் இரசிகர்களே. 2019இல் முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. காட்டை நினைக்கும் பொறுப்பை இரசிகனின் காதலிடம் மட்டும் விட்டுவிட முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இன்னுமொன்று. இரசிகர் என்று நாம் சொல்லும்போது யாரை எண்ணுகிறோம்? பெண்டரின் தலைவராக இருந்த அன்டி மூனி, புதிதாகக் கிற்றார் வாங்குவோரில் பத்தில் ஒன்பது பேர் ஓராண்டுக்குள் வாசிப்பதை விட்டுவிடுகின்றனர் என்று கூறிவந்தார். அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் புதிதாகத் தொடங்குவோரில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் பெண்கள் என்று 2018இல் அக்கம்பனியின் ஆய்வு கண்டது. சத்தமாகக் குறைசொல்லும் பழைய இரசிகர் கூட்டத்தில் இவ்விரு சாராருமே இல்லை. விட்டுப்போனவனின் குறையைக் கேட்க ஒரு கம்பனி அவனைத் தேடிச் செல்லவேண்டும். அவன் வந்து திட்டமாட்டான்.

எங்கள் கரையின் கலைஞனும் அந்தக் கேட்கப்படாதோரில் ஒருவனே. 1970–77 காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு அவனுக்குக் கருவியை எட்டாக்கனியாக்கியது. 2022இல் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாவைத் தாண்டியபோது, ஒரு தந்திக்கட்டு வாங்குவதும் கணக்குப் பார்க்கும் காரியமாயிற்று. கல்யாண மேடையில் உழைப்பவனுக்குக் கிற்றார் பொழுதுபோக்கன்று; மீனவனுக்கு வலை போல. அவனிடம் கம்பனியைக் கொடுத்தால் 1959இன் நிறத்தைக் கேட்கமாட்டான். உப்புக்காற்றில் துருவேறாத உலோகம், ஈரத்தில் வளையாத கழுத்து, சிலாபத்துக் கடையில் கிடைக்கும் உதிரிப்பாகம், ஊர்ப் பற்றவைப்புக்காரரே திருத்தக்கூடிய மின்சுற்று, ஒரு பருவகாலத்து உழைப்பில் அடைக்கக்கூடிய விலை – இவ்வளவே கேட்பான். துருவேறாத உருக்கும், பூச்சிட்ட தந்தியும் ஏற்கெனவே சந்தையில் உண்டு. மலிவான கிற்றாரில்தான் அவை இல்லை.

எனவே கம்பனி எவருடைய கையில் இருக்கவேண்டும் என்பதிலும், அது எவருடைய சொல்லைக் கேட்கிறது என்பதே பெரிய கேள்வி என்று எனக்குப் படுகிறது. உடைமை 1985இல் பெண்டரைக் காத்தது உண்மை. ஆனால் பெண்டரைப் பெண்டராக்கியது அதற்கு முந்திய ஒரு பழக்கம்: வாசிக்கத் தெரியாத ஒருவர், மேடையிலிருந்து இறங்கிவந்த கலைஞனிடம் "எங்கே குத்துகிறது?" என்று கேட்டது. அந்தக் கேள்வியோடு எவரும் இன்னும் எங்கள் கரைக்கு வரவில்லை.