107 சதவிகித விதி... நியாயமா, அநியாயமா?

ஃபார்முலா ஒன் ரேஸ் பார்க்கிறவரா நீங்க? அப்படின்னா, இந்த '107 சதவிகித' கணக்கைத் தெரிஞ்சுக்கோங்க. தகுதிச் சுற்றின் முதல் பகுதியில் ஒருவர் 90 விநாடியில் அதிவேக லேப் போட்டால், மற்றவர்கள் 96.3 விநாடிக்குள் ஒரு லேப் முடித்திருக்க வேண்டும். தவறினால், ரேஸில் இடமில்லை.

1996-ல் வந்த இந்த விதி, 2003-ல் கைவிடப்பட்டு, 2011-ல் திரும்பி வந்தது. அந்த வருடம் முதல் ரேஸான மெல்போர்னிலேயே அடிபட்டார் நம்ம கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன். அவரது ஹெச்.ஆர்.டி அணி, புதிய காரை சீசனுக்கு முன் டெஸ்ட்டே செய்யாமல் வந்திருந்தது. இரண்டு கார்களும் அவுட்! ஆனால், அடுத்து நடந்த மலேசிய ரேஸில் இரண்டுமே தகுதி பெற்றுவிட்டன.

'பணக்கார அணியின் வேகத்தை வெச்சு ஏழை அணியை அளக்கலாமா?' என்று கேட்கத் தோன்றும். ஆனால், பின்னால் வேகமாக வருபவருக்கு முன்னால் மெதுவாகப் போகும் கார் ஆபத்துதான். ஆபத்தே வேக வித்தியாசத்தில் இருக்கும்போது, அதிவேக காரோடு ஒப்பிடுவதில் தப்பில்லை.

சரி, தகுதிச் சுற்றில் கார் மக்கர் பண்ணினால்? அதற்கும் வழி உண்டு. பயிற்சியில் நல்ல நேரம் எடுத்திருந்தால், ஸ்டீவர்டுகள் அனுமதி தரலாம். 2012 ஸ்பெயின் ரேஸில் 107-ஐத் தாண்டிய நரேனுக்கே அனுமதி கிடைத்தது.

ஒரே ஒரு லேப்பை மட்டும் பார்க்காத இந்தச் சலுகைதான், விதியை நியாயமாக்குகிறது. அடுத்த முறை யாராவது வெளியேற்றப்பட்டால், அவருடைய பயிற்சி நேரத்தையும் பார்த்துட்டு தீர்ப்பு சொல்லுங்க!